ரோஜாத் தண்டில் துளை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கவாத்து, அதாவது செடியின் தண்டுகளை வெட்டிவிடும் வேலை, முடிந்து சில வாரங்கள் ஆனதும் என் கைப்பேசிக்குப் படங்கள் வர ஆரம்பித்துவிடும். பெரும்பாலும் ஒரே காட்சிதான்: வெட்டிய ரோஜாத் தண்டு, அதன் நட்டநடுவே ஒரு துளை. கூடவே ஒரே பதற்றம். தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போனதால், கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். முதலில் இருந்து படித்தால் நல்லது. பின்னால் உள்ள பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே போகின்றன.

வெட்டின தண்டோட நடுவுல ஆணி அடிச்சு எடுத்த மாதிரி ஒரு ஓட்டை. இது என்ன?

ஏதோ ஒரு பூச்சி உள்ளே கூடு கட்டியிருக்கிறது, அல்லது கட்டிவிட்டுப் போய்விட்டது. ரோஜாத் தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் மூன்று அடுக்கு தெரியும். வெளியே பட்டை, அதற்கு உள்ளே கட்டை, நட்டநடுவே வெள்ளையாகத் தெர்மாகோல் போல மென்மையான ஒரு பகுதி. அதை இந்தப் பக்கம் முழுவதும் ‘நடுச்சோறு’ என்று சொல்லப் போகிறேன். கவாத்து செய்யும்போது இந்த நடுச்சோறு வெளியே தெரிய ஆரம்பிக்கிறது. சிறு தேனீக்களுக்கும் குளவிகளுக்கும் அது திறந்து வைத்த வாசல்.

துளை வட்டமாக, விளிம்பு சுத்தமாக, சரியாக நடுவில் இருந்தால் இந்த வகைதான். ஓரிரு நாள் முன்பு தோண்டியதாக இருந்தால் கீழே உள்ள இலைகளில் வெளிர்நிறத் தூள் கொட்டிக் கிடக்கும்.

தண்டுத் துளைப்பான்னு ஒரே பூச்சியைத்தானே சொல்றாங்க?

இல்லை. குழப்பம் எல்லாம் இந்த ஒரு பெயரால் வருவதுதான். தண்டுக்குள் போகிற எதையும் ‘துளைப்பான்’ என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் போகிறவர்கள் இரண்டு சாதி.

முதல் சாதி குடியிருக்க வருவது. வெட்டு முனை வழியாக நுழைந்து, நடுச்சோற்றை மட்டும் சுரண்டி வெளியே தள்ளிவிட்டு, கிடைத்த குழாயில் முட்டையிடும். செரட்டினா என்ற பேரினத்தைச் சேர்ந்த குட்டித் தச்சுத் தேனீக்கள் இதில் முக்கியமானவை. பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான நீளம், கருநீலமாகவோ கரும்பச்சையாகவோ உலோகம் போல மின்னும். மரச்சட்டத்தைத் துளைக்கும் பெரிய கருவண்டு போன்ற தச்சுத் தேனீ வேறு, இது வேறு. பெம்ஃப்ரெடான் என்ற சிறிய கறுப்புக் குளவிகளும் இதே மாதிரி தண்டில் கூடு கட்டும்.

இரண்டாம் சாதி சாப்பிட வருவது. சில வண்டுகள், சாஃப்ளை என்கிற குளவி இனத்துப் பூச்சிகள், சில அந்துப்பூச்சிகள் ஆகியவற்றின் புழுக்கள் இவை. இவற்றுக்கு வெட்டு முனை தேவையில்லை. உயிருள்ள தண்டிலேயே முட்டை, உயிருள்ள தண்டே சாப்பாடு. உங்கள் செடியில் இருப்பது எந்தச் சாதி என்று முடிவு செய்வதற்கு முன்னால் எந்த மருந்தையும் கையில் எடுக்காதீர்கள்.

நடுவுல இருக்கிறதை எல்லாம் சுரண்டிட்டா செடி செத்துடாதா?

சாகாது. தண்ணீர் ஏறுவது கட்டை வழியாக. இலையில் உண்டான சத்து இறங்குவது பட்டையின் உட்புறம் வழியாக. இரண்டுக்கும் இடையில் உள்ள மெல்லிய பச்சைப் படலம்தான் தண்டைப் பருக்க வைக்கிறது. முற்றிய தண்டின் நடுச்சோற்றுக்கு இந்த வேலைகளில் பங்கில்லை. அதனால்தான் உள்ளே குழாயாகிவிட்ட தண்டிலும் பக்கத் தளிர் வந்து பூ பூக்கிறது.

பாதகமே இல்லை என்று சொல்லவில்லை. குழாயான தண்டு வலு குறையும், கனமான பூவோடு காற்றில் ஆடும்போது ஒடியலாம். மழைத்தண்ணீர் உள்ளே தேங்கலாம். முனையில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் காய்ந்தும் போகலாம். அவ்வளவுதான். ஆனால் இதெல்லாம் குடியிருக்க வந்தவர்களுக்கு மட்டும் பொருந்தும். சாப்பிட வந்தவர்கள் கதை வேறு.

நேத்து வரைக்கும் நல்லா இருந்த தளிர், இன்னிக்கு மொட்டோட தலை தொங்கிடுச்சு. தண்ணி ஊத்தியும் எழும்பலை.

செடி முழுதும் தொங்கினால் வேரையோ தண்ணீரையோ சந்தேகப்படலாம். ஒரே ஒரு தளிர் மட்டும் தொங்கி, பக்கத்துத் தளிர்கள் நிமிர்ந்து நின்றால் அந்தத் தளிருக்குள் யாரோ இருக்கிறார்கள். இங்கே இரண்டு பேரைச் சந்தேகிக்கலாம்.

ஒன்று சாஃப்ளை. ‘சா’ என்றால் ரம்பம். பெண் பூச்சியின் முட்டையிடும் உறுப்பு ரம்பம் போல இருப்பதால் வந்த பெயர். ஹார்ட்டிஜியா என்ற பேரினத்துப் பூச்சி இளந்தளிரைக் கீறி உள்ளே முட்டை வைக்கும். பொரித்த வெள்ளைப் புழு தளிரைத் தின்று வாட வைத்துவிட்டு, தண்டுக்குள்ளேயே கீழ்நோக்கிப் போகும். போகிற வழியெல்லாம் தன் கழிவைப் பின்னால் இறுக்கி அடைத்துக்கொண்டே போவது இதன் பழக்கம். வெளியே துளை தேடினால் கிடைக்காது.

மற்றது ராஸ்பெர்ரித் தண்டுத் துளைப்பான் என்கிற நீள்கொம்பு வண்டு, ஓபெரியா பைமாகுலேட்டா. வட அமெரிக்கப் பூச்சி. ராஸ்பெர்ரியும் பிளாக்பெர்ரியும்தான் அதன் முக்கிய உணவு, ரோஜா எப்போதாவது. நுனிக்குச் சுமார் 15 செ.மீ. கீழே தண்டைச் சுற்றி இரண்டு வளையம் கடித்து வைக்கும். இரண்டுக்கும் இடையே ஒரு சென்டிமீட்டர் சொச்சம் இடைவெளி. முட்டை அந்த இடைவெளியில். இந்த இரட்டை வளையத்தைப் பார்த்துவிட்டால் வேறு ஆதாரமே வேண்டாம். வாடிய சில நாளிலேயே கீழ் வளையத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் கீழே வெட்டினால் முட்டையோ குட்டிப் புழுவோ அதோடு போய்விடும். விட்டுவிட்டால் அடுத்த ஆண்டுக்குள் தண்டின் அடி வரை போய்ச் சேரும்.

தண்டுல ஒரு இடம் மட்டும் உருண்டையா வீங்கியிருக்கு. அதுக்கு மேல காயுது. ஓட்டை எதுவும் இல்லை.

ஓட்டை இல்லை என்று நிம்மதி அடைய வேண்டாம். அக்ரிலஸ் குப்ரசென்ஸ் என்று ஒரு சின்ன வண்டு இருக்கிறது. தாமிர நிறம், நீளம் ஒரு சென்டிமீட்டர்கூட வராது. ஐரோப்பாவிலிருந்து வட அமெரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்த பூச்சி. பட்டையின் மேல் முட்டையிடும். பொரித்த புழு பட்டைக்கு அடியில் தண்டைச் சுற்றிச் சுற்றி, திருகாணி மரை போல, சுரங்கம் போடும். செடி அந்தக் காயத்தை மூடப் பார்ப்பதில் அந்த இடம் வீங்குகிறது. செடி சாகுமா என்ற கேள்விக்குச் சொன்ன பச்சைப் படலமும் பட்டையின் உட்புறமும்தான் அறுபடுகின்றன, அதனால் மேல்பகுதி காய்கிறது. இரண்டு பக்கமும் பூச்சிதான், ஆனால் நடுச்சோறு முழுவதையும் தோண்டிய தேனீயால் ஆகாத சேதத்தைப் பட்டைக்கு அடியில் ஒரு நூலிழை அளவு சுரங்கம் செய்துவிடுகிறது.

வீக்கத்தின் மேல் பட்டையைக் கத்தி முனையால் மெல்லச் சீவினால் சுருள் தடம் தெரியும். வீக்கத்துக்குக் கீழே நல்ல பகுதி வரை வெட்டி எடுத்துவிடுங்கள். வண்டு வெளியேறும் முன்னால் செய்தால்தான் பயன். ஆங்கில ‘D’ எழுத்து வடிவில், ஒரு பக்கம் தட்டையாக ஒரு சின்னத் துளை தென்பட்டால் வண்டு ஏற்கெனவே பறந்துவிட்டது.

எல்லா வீக்கமும் வண்டு அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். மண்ணை ஒட்டிய இடத்திலோ ஒட்டுப் பகுதியிலோ சொரசொரப்பாக, முடிச்சு முடிச்சாக இருந்தால் அது பாக்டீரியாவால் வரும் கழலையாக இருக்கலாம். ஒட்டுப் பகுதி இயல்பிலேயே சற்றுப் புடைத்தும் இருக்கும்.

நுனி கறுத்து கீழே இறங்குது. இது பூச்சியா, நோயா?

தண்டைக் கீறிப் பாருங்கள், பிறகு வெட்டிப் பாருங்கள். கட்டைவிரல் நகத்தால் பட்டையை லேசாகக் கீறினால் அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, பழுப்புத் தெரிந்தால் இல்லை. மேலிருந்து கீழாக இரண்டு விரற்கடைக்கு ஒரு கீறல் போட்டு எங்கே பச்சை தொடங்குகிறது என்று கண்டுபிடியுங்கள். அந்த எல்லையில் வெட்டுங்கள்.

வெட்டிய முகத்தில் நடுவில் வெற்றிடமோ தூளோ இருந்தால் பூச்சி. நடுவில் துளையே இல்லாமல் நடுச்சோறு பழுப்பாகவும் கட்டையில் பழுப்பு ஆப்பு போலக் கறையாகவும் இருந்தால் பூஞ்சையால் வரும் நுனிக்கருகல். தண்டின் பக்கவாட்டில் ஊதா அல்லது செம்பழுப்பு ஓரத்தோடு திட்டு, அதன் மேல் மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள் என்றால் அதுவும் பூஞ்சைதான். இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு. கணுவுக்கு மேலே நீளமான குச்சியை விட்டு வெட்டியவர்களுக்கு அந்தக் குச்சி காயும், காய்ந்த குச்சியில் பூஞ்சையும் வரும், தேனீயும் வரும். பழியை மட்டும் தேனீ தனியாகச் சுமக்கும்.

உள்ளே இப்போ ஏதாவது இருக்கா, காலியாங்கிறது எப்படித் தெரியும்?

தண்டை நீளவாக்கில் பிளந்து பார்ப்பதைவிடச் சிறந்த வழி இல்லை. வெட்டி எடுத்த துண்டைத்தான் சொல்கிறேன், செடியில் இருப்பதை அல்ல.

மஞ்சள் நிற மகரந்த உருண்டை, அதன் மேல் காலில்லாத வெள்ளைப் புழு, நடுவில் தூளால் ஆன தடுப்புச் சுவர்கள், இப்படி வரிசையாக அறைகள் இருந்தால் குட்டித் தச்சுத் தேனீ. அறைகளில் பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ அசுவினிகள் (தளிரில் சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சிகள்) அடுக்கி வைத்திருந்தால் குளவி. கழிவுத் தூள் இறுக்கமாக அடைத்த சுரங்கமும் அதன் கீழ்முனையில் ஒரே ஒரு புழுவும் இருந்தால் சாப்பிட வந்த சாதி.

முதல் முறை அசுவினி அறையைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தப் பருவம் முழுக்க மொட்டுகளில் அசுவினி என்று புலம்பிக்கொண்டே, அதைப் பொறுக்கிக்கொண்டு போய்ச் சேமிக்கும் குளவியின் துளைகளில் எல்லாம் மருந்து ஊற்றியிருந்தேன். பிளந்த ஒரு விரல் நீளத் துண்டில் டஜன் கணக்கில் அசுவினிகள். அதற்கப்புறம் பிளக்காமல் எதையும் முடிவு செய்வதில்லை.

எவ்வளவு தூரம் வெட்டணும்? வெட்ட வெட்ட ஓட்டை போய்க்கிட்டே இருக்கு.

சாப்பிட வந்த புழு என்றால் துளை முடிகிற வரை வெட்டத்தான் வேண்டும். புழு கீழ்முனையில் இருக்கும், பாதியில் நிறுத்தினால் அது கீழே இருந்துகொண்டு வேலையைத் தொடரும். ஒரே வெட்டாகக் கீழே போகாமல் ஒரு கணு, ஒரு கணுவாக இறங்குங்கள். வெட்டு முகம் வெள்ளையாக, நடுச்சோறு முழுசாகத் தெரிந்ததும் நிறுத்துங்கள். கடைசி வெட்டு வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு அரை சென்டிமீட்டர் மேலே அமையட்டும்.

குடியிருக்க வந்த தேனீ என்றால் இவ்வளவு கறார் வேண்டாம். தண்டு பச்சையாக இருக்கிறது, நல்ல தளிர்கள் இருக்கின்றன, துளை மட்டும்தான் என்றால் வெட்டாமலே விடலாம். துளை கண்ணில் படக்கூடாது என்பதற்காக நல்ல தண்டை முக்கால்வாசி வெட்டி எறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தேனீ செய்ததைவிட அதிகச் சேதம் கத்தரிக்கோல் செய்தது.

வெட்டிக்கிட்டே போய் ஒட்டு வரைக்கும் வந்துட்டேன் அக்கா. இப்ப என்ன பண்றது?

அங்கேயே நிறுத்துங்கள். ஒட்டுக்குக் கீழே வெட்டினால் மிஞ்சுவது வேர்ச்செடி மட்டும். அதிலிருந்து துளிர்ப்பது நீங்கள் வாங்கிய ரோஜா அல்ல.

ஒரே தண்டுதான் இப்படி, மற்ற தண்டுகள் நன்றாக இருக்கின்றன என்றால் கவலையை விடுங்கள். அந்தத் தண்டை ஒட்டுப் பகுதியை ஒட்டி, குச்சி நீட்டிக்கொண்டிருக்காமல், சுத்தமாக எடுத்துவிடுங்கள். ஒட்டுக்குள்ளேயே துளை இறங்குவது போலத் தெரிந்தால், வளையக்கூடிய மெல்லிய கம்பியைத் துளைக்குள் விட்டு முடிந்தவரை கீழே குத்துங்கள். புழு மாட்டினால் நுனியில் ஈரம் ஒட்டும். பிறகு வாயை அடைத்துவிட்டுக் காத்திருங்கள். பதியன் அல்லது குச்சி நட்டு வளர்த்த செடி என்றால் ஒட்டுப் பிரச்சினையே இல்லை. மண்ணிலிருந்து துளிர்த்தாலும் அதே ரோஜாதான்.

வெட்டின துண்டை உரக்குழியில போடலாமா?

புழு உள்ளே இருக்கும் துண்டைப் போடாதீர்கள். வீட்டு உரக்குழி பெரும்பாலும் அவ்வளவு சூடாகாது. புழு உள்ளேயே வளர்ந்து வெளியே வந்துவிடும். எரிக்கலாம், இறுக்கக் கட்டிய பையில் போட்டுக் குப்பையில் சேர்க்கலாம். பிளந்து பார்த்துப் புழுவை எடுத்துவிட்ட துண்டு வெறும் குச்சிதான், எங்கே வேண்டுமானாலும் போடலாம்.

தேனீ அல்லது குளவியின் கூடு என்று தெரிந்தால் நான் அந்தத் துண்டுகளைக் கட்டாகக் கட்டி, மழை படாத மூலையில், துளை சற்றுக் கீழ்நோக்கி இருக்கும்படி சாய்த்து வைத்துவிடுவேன். வளர்ந்து அதன் வழியைப் பார்த்துக்கொண்டு போகட்டும்.

கவாத்து பண்ணினதும் வெட்டுல பசை தடவணும்ங்கிறாங்க. தடவணுமா?

உங்கள் தோட்டத்தில் துளை அடிக்கடி வருகிறதா? தடவுங்கள். வந்ததே இல்லையா? விட்டுவிடுங்கள். நூறு வெட்டுக்கும் பசை தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் பெரிய லாபம் இல்லை.

தடவுவதாக இருந்தால் பென்சிலைவிடத் தடிமனான தண்டுகளுக்கு மட்டும் போதும். பட்டை ஓரத்துக்கெல்லாம் பூச வேண்டியதில்லை, நடுச்சோறு மூடப்பட்டால் சரி. இந்தத் தேனீக்கள் பக்கவாட்டில் கட்டையைக் குடைந்து உள்ளே போவதில்லை, திறந்த நடுச்சோறு கிடைத்தால் மட்டுமே நுழையும். தச்சு வேலைக்கான மரப்பசை நன்றாக நிற்கும். பள்ளிக்கூடப் பசை காய்ந்தாலும் மழையில் கரைந்துவிடும். நகப்பூச்சு, உருக்கிய மெழுகு, இரண்டும் வேலை செய்யும், மெழுகு வெயிலில் இளகும். அறிவிப்புப் பலகையில் குத்தும் தலை அகலமான பின்னை நடுச்சோற்றில் குத்தி வைப்பவர்களும் உண்டு. பூஞ்சைத் தொல்லையும் சேர்ந்து இருக்கும் இடத்தில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) தடவுவது பழைய வழக்கம். ஆனால் அது பூஞ்சைக்குத்தான், பூச்சிக்குத் தடுப்பு என்று நம்ப வேண்டாம்.

வெட்டிய அன்றே தடவுங்கள். ஆனால் வெட்டிலிருந்து நீர் கசிந்துகொண்டிருந்தால் பசை ஒட்டாது. ஒரு மணி நேரம் கழித்து வந்து பாருங்கள்.

காயத்தை மூடக்கூடாது, செடியே ஆத்திக்கும்னு படிச்சேன். நீங்க மூடச் சொல்றீங்களே?

இரண்டும் சரி. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து, காயப்பூச்சு மரம் அழுகுவதைத் தடுப்பதில்லை என்று காட்டினார். மரம் தன் காயத்தைச் சுற்றித் தானே சுவர் எழுப்பிக்கொள்கிறது, நாம் பூசும் தார் அதற்கு உதவுவதில்லை என்பதே அவர் சொன்னது. அது அழுகல் பற்றிய பேச்சு. நாம் பசை தடவுவது காயம் ஆறுவதற்காக அல்ல, வாசலைச் சாத்துவதற்காக. பசையால் வெட்டு சீக்கிரம் ஆறும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எந்த மருந்து அடிச்சா துளைப்பான் சாகும்?

இந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதில் யாருக்கும் பிடிப்பதில்லை. மேலே தெளிக்கும் மருந்து தண்டுக்குள் இருக்கும் புழுவைத் தொடாது. வேரில் ஊற்றினால் செடி முழுக்கப் பரவும் இமிடாகுளோபிரிட் போன்ற மருந்து, தண்ணீர் ஏறும் பாதையில் போகிறது. நடுச்சோற்றில் அந்தப் பாதை இல்லை. தவிர, குட்டித் தச்சுத் தேனீயின் புழு சாப்பிடுவது மகரந்தம், பெம்ஃப்ரெடானின் புழு சாப்பிடுவது அசுவினி. உங்கள் செடியை அது சாப்பிடவே இல்லை, அப்புறம் செடிக்குள் விஷம் வைத்து என்ன பயன்?

பயன் இல்லாதது மட்டுமல்ல. அதே மருந்து மகரந்தத்துக்கும் தேனுக்கும் போகிறது, ரோஜாவுக்கு வரும் எல்லாத் தேனீக்களும் அதை எடுத்துக்கொண்டு போகும். தேனீக்களுக்கு வரும் ஆபத்தைக் காரணம் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இமிடாகுளோபிரிட் உட்பட மூன்று மருந்துகளைத் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை செய்தது. பட்டைக்கடியிலும் தளிரிலும் இருக்கும் புழுக்களுக்கு இவை ஓரளவு எட்டலாம். ஆனால் தளிர் வாடி நீங்கள் கவனிப்பதற்குள் அந்தத் தளிர் போய்விட்டது, வெட்டி எறிந்தால் புழுவும் போய்விட்டது. வீட்டுத் தோட்டத்தில் பத்து இருபது செடி வைத்திருப்பவருக்குக் கத்தரிக்கோலை மிஞ்சிய மருந்து இல்லை.

வேப்பெண்ணெய், பூண்டுக் கரைசல்?

மேலே சொன்ன அதே காரணம்தான், உள்ளே எட்டாது. அசுவினிக்கு வேப்பெண்ணெய் தெளியுங்கள், துளைப்பானுக்காக வீணாக்காதீர்கள்.

தண்டோட பக்கத்துல ஓட்டை, அதிலேர்ந்து உருண்டை உருண்டையா தூள் விழுது. நீங்க சொன்ன எதுலயும் சேரலையே?

இது அந்துப்பூச்சிப் புழுவாக இருக்க வாய்ப்பு அதிகம். குடியிருக்கும் தேனீ தள்ளுவது மரத்தூள் போல இருக்கும். இது தள்ளுவது கழிவு, குட்டிக் குட்டி உருளைகளாக, ஈரமாகத் தண்டின் அடியில் குவியும். தினமும் புதிதாக விழுந்தால் புழு உள்ளே உயிரோடு இருக்கிறது.

முதிர்ந்த தடித்த தண்டு, வெட்ட மனமில்லை என்றால் கம்பி வைத்தியம் இங்கேதான் உண்மையாகவே பலிக்கும். துளை வழியாக விட்டு மேலும் கீழும் இரண்டு பக்கமும் குத்துங்கள், புழு எந்தப் பக்கம் என்று தெரியாது. குவிந்த தூளை முழுக்கப் பெருக்கிவிடுங்கள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் புதுத் தூள் விழவில்லை என்றால் வேலை முடிந்தது.

சாய்வா வெட்டினா தண்ணி வடிஞ்சிடும், பூச்சியும் வராதுன்னு சொன்னாங்களே?

தண்ணீர் வடியும். பூச்சிக்குச் சாய்வும் ஒன்றுதான், நேரும் ஒன்றுதான். கவனித்துப் பார்த்தால், மிகவும் சாய்வாக வெட்டும்போது நடுச்சோறு இன்னும் நீளமாக வெளியே தெரியும்.

ஓட்டைக்குள்ள எறும்பு போய்ட்டு வருது. எறும்புதான் துளைச்சுதா?

இல்லை, காலி வீடு கிடைத்ததும் குடி வந்துவிட்டது. தேனீ காலி செய்த குழாயில் எறும்பு, சிலந்தி, வேறு குளவி என்று யார் வேண்டுமானாலும் இருப்பார்கள். ஆனால் எறும்பு வரிசை துளையோடு நிற்காமல் மொட்டு வரை போனால், அங்கே அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கிறதா என்று பாருங்கள்.

இலையில காசு வெச்சு வெட்டின மாதிரி அரை வட்டம். தண்டுலயும் ஓட்டை. ரெண்டும் ஒரே ஆளா?

இருக்கலாம். இலைவெட்டித் தேனீ ரோஜா இலையை வெட்டிக்கொண்டு போய்த் தன் கூட்டின் அறைகளுக்குச் சுவர் கட்டும். ஏற்கெனவே உள்ள குழாய்களில் கூடு கட்டுவது அதற்குப் பிடிக்கும், காலியான ரோஜாத் தண்டும் அதில் ஒன்று. பிளந்து பார்க்கும்போது உள்ளே பச்சை இலைச் சுருட்டு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். இலையைத் தின்னவில்லை, வெட்டி எடுத்துப்போகிறது. செடிக்கு அழகு போவதைத் தவிர நஷ்டம் கிடையாது.

பத்து செடி இருக்கு. ஒரே ஒரு செடிக்கு மட்டும் எப்பவும் வருது. ஏன்?

அந்தச் செடியின் தண்டை வெட்டிப் பக்கத்துச் செடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நடுச்சோறு அகலமாக இருக்கும். வேகமாக, தடிமனாக வளரும் ரகங்களில் இப்படித்தான். அதிக உரம் போட்டுக் கொழுகொழு என்று வளரவிட்ட தண்டிலும் கட்டை மெலிந்து நடுச்சோறு பெருத்திருக்கும். மெல்லிய கெட்டித் தண்டுள்ள குட்டி ரோஜாக்களை இவை அதிகம் சீண்டுவதில்லை. எல்லாச் செடிக்கும் பசை தடவப் பொறுமை இல்லாதவர்கள் இந்த ஒரு செடிக்கு மட்டும் தடவினாலே பாதி வேலை முடிந்தது.

எல்லா வெட்டுக்கும் ஒண்ணு விடாம பசை தடவினேன். இருந்தும் துளைச்சிருக்கு. எப்படி?

மூன்று இடங்களைப் பாருங்கள். பசை காய்ந்து சுருங்கி நடுவில் விரிசல் விட்டிருக்கலாம், மெல்லியதாக ஒரு முறை மட்டும் தடவியவர்களுக்கு இது சகஜம். கவாத்தில் வெட்டியதை மூடியிருப்பீர்கள், அதற்குப் பிறகு காற்றில் ஒடிந்த முனை, பூச்செண்டுக்கு வெட்டிய நீளத் தண்டு, இவற்றை மறந்திருப்பீர்கள். மூன்றாவது, வந்தது சாப்பிட வந்த சாதியாக இருக்கும். சாஃப்ளைக்கும் வண்டுக்கும் வெட்டு முனை தேவையே இல்லை என்று தொடக்கத்தில் சொன்னேன். அவற்றுக்குப் பசை ஒரு தடையே அல்ல.

தேனீ நல்லதுங்கிறீங்க, ஆனா அடைக்கவும் சொல்றீங்க. ரெண்டுல எதை நம்பறது?

இரண்டையும் சேர்த்துச் செய்யலாம். செடியில் உள்ள தண்டுகளை அடையுங்கள். கவாத்தில் கழித்த தடித்த குச்சிகளில் நோயில்லாத, துளையில்லாதவற்றை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, கட்டாகக் கட்டி, தோட்டத்தின் வெயில் படும் ஓரத்தில் வையுங்கள். நடுச்சோறு திறந்த குச்சி அங்கே கிடைத்தால் அதில் கூடு கட்டும். எல்லாத் தேனீயும் அங்கேயே போய்விடும் என்று வாக்குத் தர மாட்டேன், ஒன்றிரண்டு செடிக்கு வரத்தான் செய்யும். குச்சிக் கட்டை ஓரிரு ஆண்டுக்கு ஒரு முறை புதிதாக மாற்றுங்கள். பழைய கூடுகளில் ஒட்டுண்ணிகள் சேரும்.

இந்தத் தேனீக்கள் கொட்டுமோ என்று பயப்படுபவர்களுக்கு: கையில் பிடித்து நசுக்கினால் ஒழிய வம்புக்கு வராது.

போன வருஷ ஓட்டை ஒண்ணு இருக்கு. தண்டு நல்லா இருக்கு, இப்ப மொட்டு விட்டிருக்கு. வெட்டணுமா, வேண்டாமா?

தூள் விழவில்லை, பட்டையைக் கீறினால் பச்சை, வீக்கம் இல்லை, மொட்டு விடுகிறது. பூக்கட்டும். அடுத்த கவாத்தில் எப்படியும் அந்த உயரத்துக்குக் கீழே வெட்டப்போகிறீர்கள். அப்போது துண்டைப் பிளந்து உள்ளே யார் இருந்தார்கள் என்று பாருங்கள், எனக்கும் ஒரு படம் அனுப்புங்கள்.